இடது பின் சக்கரத்துக்கு மேலே

எங்கள் வீட்டில் பாத்திரம் உலர்த்தும் மின்பெட்டி ஒன்று இருக்கிறது. வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு பாத்திரம்கூட அதில் உலர்ந்ததில்லை. மழைக்காலத்தில் கையளவு மாதிரிக் கார்களுக்கு அடித்த பெயிண்ட் காய வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. என் மனைவி யாசுயே சோற்றுக் கிண்ணங்களைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஏங்க, உங்க காருக்கெல்லாம் குளிருதாம், போய்ப் போத்தி விடுங்க" என்பாள். நான் கோபித்துக்கொள்வதில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வராது. இதைப் படிக்கிற கமிட்டிக்காரர்கள் அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி நம் மாதிரிக் கார்க் கழகச் செயலாளர் தெராவோ அம்மையார் கேட்டார். எழுதுகிறேன். என் பெயர் கத்சுமாதா தொயோஜி. வயது அறுபத்தாறு. தேயிலைப் பொட்டலம் கட்டும் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஷிசுவோகாவில் பாதிப் பேர் மாதிரிக் கார்களை அச்சில் வார்த்துப் பிழைத்தவர்கள். மீதிப் பேர் அவற்றை வாங்கி வந்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள். நான் இரண்டாவது வகை.

நம் கழகத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, சமூகக் கூடத்து மேசைமேல் ஒரு காரை வைத்ததும் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து சுற்றி வருவோம். பிறகு ஆளுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும், ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாமல் நழுவுவது அந்தக் காரைச் செய்தவரை மதிக்காததற்குச் சமம். ஆகவே தூசு விழுந்தது, பிசின் வழிந்தது, கண்ணாடியில் கைரேகை பட்டது எல்லாம் சபைக்கு வந்துவிடும். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய் அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வருவோம்.

என் கார்களுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கிடைத்த நல்லது ஒன்றே ஒன்று: நேர்த்தி. குறையாக நம் மூத்த உறுப்பினர் ஓசாதா சான் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கத்சு, உன் கார் பாடம் ஒப்பிக்கிற புள்ள மாதிரி இருக்குப்பா. ஒரு தப்பு இல்ல. ஆனா பாத்தா கொட்டாவிதான் வருது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெராவோ அம்மையாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்ததை இங்கே குற்றமாகக் குறிப்பிடவில்லை.

ஓசாதா ஜென்ஸோ நகரப் பேருந்து ஓட்டுநராக முப்பது வருஷம் இருந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற மாதிரி பேசியே பழகியதால், பக்கத்தில் நிற்பவனிடமும் அப்படித்தான் பேசுவார். சிவப்புக் கார் மட்டும்தான் செய்வார், அதுவும் வருஷத்துக்கு ஒன்று, கண்காட்சிக்கென்று. சிவப்பு எவருக்கும் எளிதில் அடங்காத நிறம், அவருக்கு அடங்கியது. மே மாதக் கண்காட்சியில் பார்வையாளர்கள் போடும் வாக்கில் முதல் பரிசு அநேகமாக அவருக்கே போகும். "என்ன பண்றது, பொண்ணுங்களும் வோட்டும் என் பின்னாடியே வருது" என்பார். அவர் மனைவி ஃபுஸாயே சான் அப்போதெல்லாம் கூடத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் சொந்தக் காரை விற்றுவிட்டார். முழங்கால் வலி என்றார். அதிலிருந்து கண்காட்சிக்கு முந்தின நாள் அவருடைய பெட்டியை என் வண்டியில் எடுத்துப் போகிற வேலை எனக்கு வந்தது. பிறர் பெட்டியைத் திறப்பது நம் கழகத்தில் பெரிய தவறு, தெரியும். ஆனால் பெட்டிக்குள் ஏதோ கழன்று உருளுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று கழன்றிருந்தது. ஒட்டும்போதுதான் பார்த்தேன்: இடது பின் சக்கரத்துக்கு மேலே, கட்டை விரல் அகலத்துக்கு, மேல்பூச்சே இல்லை. பெயிண்ட் சொரசொரவென்று கிடந்தது. காரின் மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது.

மூத்தவர். சபையில் பத்துப் பேர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் முகம் வாடிவிடும். ஈரம் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேல்பூச்சு கொடுத்து, நான் முதலில் சொன்ன மின்பெட்டியில் உலர்த்தி, பாலிஷ் போட்டேன். மறுநாள் அந்தக் காருக்குக் குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. தெராவோ அம்மையார் கடைசியில், "பெயர் அட்டை கோணலா இருக்கு" என்றார். நான் செய்தது இவ்வளவுதான். இதில் என்ன தவறு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷமும் பெட்டியைத் திறந்தேன். திறந்து பழகிவிட்டது. அதே இடம். இந்த முறை உள்ளங்கை அகலம், அதாவது அந்தக் கார் அளவுக்குக் கதவிலிருந்து வால்விளக்கு வரை. மூன்றாம் வருஷமும் இடப்பக்கம் பின்புறம், இன்னும் கொஞ்சம் மேலே ஏறி. ஓசாதா சான் காரை எப்போதும் மூக்கு எதிரே, வால் தன் பக்கம் இருக்கும்படி வைத்துத்தான் வேலை செய்வார். அவர் கண்ணுக்கு இடது கீழ்ப்பக்கம் அது.

என் மாமனார் கடைசி நாட்களில் சோற்றுக் கிண்ணத்துக்கு இடப்பக்கம் வைக்கிற ஊறுகாயைத் தொடவே மாட்டார். பிடிக்கவில்லை போல என்று இரண்டு வருஷம் நினைத்தோம். கண் ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம் என்று. ஆகையால் மூன்றாம் வருஷம் அந்தக் காரை என் மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ பாவம் என்று இருந்தது. உண்மையாகவே இருந்தது.

நான்காம் வருஷத்திலிருந்து திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒட்டுப்படங்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. கதவுக் கைப்பிடி பெயிண்டுக்குள் முங்கிப் போயிருந்தது. அதையெல்லாம் கரைத்து எடுத்து மறுபடி அடிப்பதைவிட, அதே காரின் பாகங்கள் அடங்கிய பெட்டியைக் கடையில் வாங்கி முதலிலிருந்து செய்வது எளிது. செய்பவர்களுக்கு இது தெரியும். அவர் என்ன செய்கிறார் என்பதை வாய் ஓயாமல் சொல்லிவிடுவார், ஆதலால் எனக்கு நான்கு மாதம் அவகாசம் கிடைத்தது. என் காரை வைத்துவிட்டு எடுத்த அவருடைய கார்களை நான் எறியவில்லை. மூன்றும் என் அலமாரியில் தூசு படாமல் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

அப்படிச் செய்ததை என் பெயரிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். அந்த நான்காம் வருஷம் ஒரே கையால், ஒரே மேசையில், ஒரே பெட்டியில் உலர்த்தி இரண்டு கார் செய்தேன். நீலக் காருக்கு என் பெயர் அட்டை, சிவப்புக் காருக்கு அவர் அட்டை. நீலத்தைப் பார்த்து "நேர்த்தி" என்றீர்கள். சிவப்பைப் பார்த்து, "அடேங்கப்பா, இதுக்கு உயிர் இருக்கு" என்றீர்கள். கமிட்டியில் மூவர் சொன்னீர்கள். யார் யார் என்று எழுத மாட்டேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல நாள் அது.

ஓசாதா சான் ஒருமுறை அந்தக் காரை மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார். அவர் மெல்லப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"கத்சு, இத நான்தான் பண்ணேனா? பண்ணும்போது இவ்ளோ நல்லா வந்த மாதிரி ஞாபகம் இல்லையே."

"வேற யாரு பண்ணுவா? உங்க கை அப்படி."

"வயசாக ஆகத்தான் கை படியுதுபோல," என்று சொல்லி அவ்வளவு சந்தோஷப்பட்டார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் என்னைப் போலத்தான் செய்திருப்பீர்கள்.

இந்தப் பிப்ரவரியில் அவர் வீட்டுப் படியில் தவறி விழுந்தார். கையைப் பார்த்த மருத்துவர் கண்ணைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்கு மிச்சம். ஆறேழு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது, மூன்று வருஷம் முன்பு வந்திருந்தால்கூட நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார்களாம். ஓசாதா சான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தொலைபேசியில் கத்தினார்.

"அந்த டாக்டர் பய ஏதோ உளர்றான், கத்சு. போன வருஷம் ஜெயிச்ச காரக் கொண்டு போய் அவன் மேசைல வைக்கச் சொல்லிட்டேன் ஃபுஸாயேகிட்ட. கண்ணு தெரியாதவன் பண்ற வேலையா அது? பாத்துட்டு வாய மூடிக்கட்டும்."

ஃபுஸாயே சான் கொண்டுபோய் வைத்தார். மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணால் இதைச் செய்திருக்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த ஞாயிறு ஃபுஸாயே சான் அந்தக் காரோடு சமூகக் கூடத்துக்கு வந்தார். மேசைமேல் வைத்தார். நாம் எல்லோரும் வழக்கப்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றோம். பெட்டியை எடுத்து வருகிறவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியுமாகையால், கொஞ்ச நேரத்தில் காரைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

தெராவோ அம்மையார் கடைசியாக ஒரு கேள்வி கேட்டு, அதற்குத் தனியாகப் பதில் எழுதச் சொன்னார். சென்ற வருஷம் ஏப்ரலில் ஃபுஸாயே சான் என் வீட்டுக்கு வந்தாரா, என்ன கேட்டார் என்பது அது.

வந்தார். பகல் பதினோரு மணி இருக்கும். யாசுயே தேநீர் கொடுத்தாள்.

"கத்சுமாதா சான், நேராவே கேக்கறேன். அவர் சமயத்துல கதவு நிலைல இடிச்சுக்கறார். கீழ வச்ச செருப்பத் தேடறார். கண் ஆஸ்பத்திரின்னாலே குதிக்கறார். 'என் காரப் பாரு, ஒரு குறை சொல்ல ஆள் இருக்கா'ங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேலை முன்ன மாதிரி இல்லைன்னு. நீங்க சொன்னா அவர் கேப்பார். மறுநாளே கூட்டிட்டுப் போயிடுவேன்."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். "ஃபுஸாயே சான், அவர் கண்ணு என் கண்ணவிடத் தெளிவு. கவலப்படாதீங்க" என்றேன். அவர் மூன்று முறை தலை தாழ்த்தி நன்றி சொன்னார். போகும்போது வாசலில் நின்று இன்னொரு முறையும் சொன்னார். அப்போது அந்த வருஷத்துச் சிவப்புக் கார் உள்ளறையில் உலர்ந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். கண்காட்சிக்கு மூன்றே வாரம் இருந்தது. அப்போது போய் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மே மாதத்தில் அவர் மேசை காலியாக இருக்கும். அவர் பெயர் அட்டை இல்லாமல் அந்தக் காரை எங்கே வைப்பது? கண்காட்சி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முடிந்ததும் அடுத்த காருக்கு இதுவரை யாரும் செய்யாத ஒரு ஆழமான சிவப்பு எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லிச் சொல்லி அவரே தேர்ந்தெடுத்ததாக அவரை நம்பவைக்க ஜூன் மாதம் முழுக்க ஆயிற்று. பிறகு விட்டுப் போய்விட்டது.

எனக்கென்று நான் எதையும் செய்துகொள்ளவில்லை. எல்லாம் ஓசாதா சான் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான். பரிசு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினால் அவர் தாங்கமாட்டார். நல்லவேளை, அப்படி ஆகவில்லை. போன வருஷமும் எனக்குத்தான் முதல் பரிசு கொடுத்தார்கள்.