துரையின் பச்சை வண்டியும் ‘லரி’ என்ற சொல்லும்

தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷன், மலாயா, 1945 நவம்பர் 19.

என் பெயர் ருக்குமணி. தகப்பனார் காலஞ்சென்ற வைத்திலிங்கம், ஆர்ட்லோ தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வயது இருபத்து நான்கு. மணமாகவில்லை. பிரிஞ்சாங் பாதையில் உள்ள மேற்படி தோட்டத்தின் கிராணி வீட்டில் தம்பி சிங்காரத்துடன் வசிக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். மலாய் பேசுவேன். ஜப்பான்காரர் வந்த பிறகு இவ்வூரில் நடந்த வகுப்பில் எட்டு மாதம் அவர்கள் மொழியைப் படித்தேன். அதனால் 1942 அக்டோபர் முதல் தோட்ட ஆபீசில் மொழிபெயர்ப்பவளாகவும் பெயர்ப்பட்டியல் எழுதுபவளாகவும் வைக்கப்பட்டேன்.

அதே தோட்டத்தில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டராக இருந்த தங்கராஜு சயாமில் ஜப்பான்காரர் போட்ட ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டது என் பொய்யான மொழிபெயர்ப்பினால்தான் என்று அவர் மனைவி மணியம்மா கொடுத்துள்ள புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பச்சை நிறப் பந்தயக் கார் ஒன்று இருந்தது. நீண்ட பானெட்டும் அதன் குறுக்கே தோல் வாரும் கம்பிச் சக்கரங்களும் உடையது. ஏழு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவர் தங்கராஜு. 1942 ஜனவரியில் துரை சிங்கப்பூருக்குப் போகும் முன், ஜப்பான்காரர் கையில் கிடைக்காதபடி இஞ்சினைச் சம்மட்டியால் உடைத்துவிடும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். தங்கராஜு உடைக்கவில்லை. இஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பாக மாட்டுக் கொழுப்புத் தடவி, தேயிலைப் பெட்டிகளில் அடுக்கி, ஃபேக்டரி மச்சில் பழைய சாக்குகளுக்கு அடியில் வைத்தார். உடைத்தாயிற்று என்றே எல்லோரிடமும் சொன்னார்.

அதன் பிறகு 1943 ஜனவரியில் மொரிட்டா என்ற அதிகாரி எங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்தார். பிப்ரவரியில் இரும்பு சேகரிக்க லோரி வந்தபோது அந்தக் காரின் வெற்றுக் கூட்டையும் ஏற்றச் சொன்னார். ஆட்கள் கூட்டில் கயிறு கட்டிய சமயம் தங்கராஜு வரிசையை விட்டு வெளியே வந்து, இந்த வண்டி செத்துப்போகவில்லை, உறுப்புகள் என்னிடம் இருக்கின்றன என்று சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். மறைத்து வைத்த குற்றத்துக்காக மொரிட்டா அவரைக் கன்னத்தில் நான்கு முறை அறைந்துவிட்டு, மூன்று மாதத்தில் வண்டியைத் தயார் செய்தால் வேறு எந்த வேலைக்கும் அனுப்பமாட்டேன் என்றார்.

பெட்ரோல் கிடையாது. ஆகவே கரிப்புகையில் ஓடும்படி வண்டியை மாற்ற வேண்டியிருந்தது. தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பழைய தகட்டை உருட்டிக் கரி எரிக்கும் உருளை ஒன்று செய்தார். அதை வைக்க இடமில்லாததால் பின்பக்கத்தை வெட்ட நேர்ந்தது. இரும்பு அறுக்கும் வாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வெட்டாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வெட்டினார். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, கைக்குழந்தை தொட்டாலும் கிழிக்காத அளவுக்கு வழவழப்பாக்கினார். கரிப்புகைக்குப் பெட்ரோலின் வலு கிடையாது, இஞ்சினுக்குள் இறுக்கம் கூட வேண்டும் என்று சொல்லி, இஞ்சின் தலைப்பாகத்தை ஒரு சமதளக் கல்லில் மணல்பொடி போட்டு ஒன்பது நாள் கையாலேயே தேய்த்துக் குறைத்தார். டயருக்குள் டியூப் இல்லாததால் ரப்பர்ப் பாலாடையைச் சுருட்டித் திணித்தார். இஞ்சின் எண்ணெய்க்குப் பதிலாக வீட்டுக்குக் கிடைத்த தேங்காயெண்ணெயை ஊற்றினார். தலைப்பாகத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவே வைக்கும் தகடு செம்பில்தான் இருக்க வேண்டும் என்று, மணியம்மா கலியாணத்துக்குக் கொண்டுவந்த செம்புக் குடத்தை விரித்து வெட்டினார்.

அன்று மணியம்மா ஃபேக்டரி வாசலில் வந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி, வண்டியைக் காட்டி, “கொடத்தையும் அவளுக்கே சீர் செஞ்சாச்சி. தாலியையும் கழட்டித் தர்றேன், ஒரு வாஷர் வெட்டிக்கலாம்லா” என்றார். தங்கராஜு தலை நிமிராமல், “தங்கம் இளகிடும் புள்ள. வாஷருக்கு ஆவாது” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். மணியம்மாவும் சிரித்தார். நானும் அங்கே இருந்தேன்.

அதன் பிறகு, மே மாதக் கடைசியில், எங்கள் தோட்டத்திலிருந்து நாற்பது ஆண்களைச் சயாமுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர்களை மொரிட்டா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினேழாவது பெயர் என் தம்பி சிங்காரம். அவனுக்கு அப்போது இருபது வயது. அதையும் நானே எழுதினேன். மறுநாள் காலை தனியே போய், எனக்கு வேறு யாரும் இல்லை, அவனை விட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். நாற்பது குறையக் கூடாது, அவனுக்குப் பதில் ஒருவனைக் காட்டு, எடுத்துவிடுகிறேன் என்றார். நான் யாரையும் காட்டவில்லை. இது நடந்தது ஜூன் 2.

அதன் பிறகு ஜூன் 4ஆம் தேதி பிற்பகலில், வண்டியைப் பார்க்க மொரிட்டா ஃபேக்டரி முற்றத்துக்கு வந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். தங்கராஜு கரியைப் பற்றவைத்து, புகை சரியான நிறத்துக்கு வரும்வரை காத்திருந்து, கைப்பிடியைச் சுழற்றினார். இரண்டாம் சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஓடிப்போய் இருக்கையில் உட்கார்ந்து, பெடலை மிதித்துவிட்டு, என்னிடம் சொல்லி மொழிபெயர்க்கும்வரை பொறுக்காமல், மொரிட்டாவைப் பார்த்துத் தானே மலாயில் பேசிவிட்டார். அவர் சொன்ன சொற்கள்: “பெசோ லரி, துவான். சாயா பாவா, லரி சம்பாய் தாப்பா.”

இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படுகிறது. மலாய்க்காரர் வண்டி போவதை ‘ஜாலான்’ என்பார்கள், நடக்கிறது என்று. நம் ஆட்கள் தமிழில் நினைத்துக்கொண்டு, வண்டி ஓடும் என்பதை அப்படியே ‘லரி’ என்று சொல்வது வழக்கம். மலாய்க்காரருக்குக் கேட்டுப் பழகிவிட்டது. மொரிட்டாவுக்குத் தெரிந்த மலாய் முப்பது நாற்பது சொற்கள்தான். ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிடும்போது, ‘சியாப்பா லரி’, தப்பி ஓடியவன் யார் என்று அவர் கேட்பார். அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு அது ஒன்றே பொருள். தங்கராஜு சொன்னது, நாளை ஓடும் ஐயா, நானே ஓட்டுகிறேன், மலையடியில் இருக்கும் தாப்பா ஊர் வரைக்கும் ஓடும் என்பது. மொரிட்டாவின் காதில் விழுந்தது, நாளை தப்பி ஓடுவேன், இதை எடுத்துக்கொண்டு தாப்பாவுக்குத் தப்பி ஓடுவேன் என்பது.

அவர் என் பக்கம் திரும்பி, இவன் ‘லரி’ என்றா சொன்னான் என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். வண்டி ஓடும் என்பதற்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆமாம், ‘லரி’ என்றுதான் சொன்னார் என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு மொரிட்டா தங்கராஜுவைத் தலைமுடியைப் பிடித்து இறக்கி, இஞ்சின் சுழற்றும் இரும்புக் கைப்பிடியாலேயே அடித்தார். தங்கராஜு தம்மைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அறிந்து, சக்கரத்தைக் காட்டி, “லரி, துவான், லரி” என்றார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு அடி விழுந்தது. இடது கை முறிந்தது. அதற்குப் பின்னரும் வலது கையால் சக்கரத்தையே காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “தங்கச்சி, லரின்னா வண்டி ஓடும்னு சொல்லும்மா. நான் ஓடுறேன்னு சொல்லல. வண்டிய சொன்னேன்” என்றார். என்ன சொல்கிறான் என்று மொரிட்டா கேட்டார். அதே சொல்லைத்தான் திரும்பச் சொல்கிறார் என்றேன். இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அங்கே வேறு யாருக்கும் தெரியாததால், கரி தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடியது.

அன்று மாலை மொரிட்டா என்னை அழைத்துத் தங்கராஜுவின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். எழுதினேன். நாற்பத்தொன்று ஆகிறது, லோரியில் இடமில்லை, ஒன்றை அடித்துவிடு என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. நான் அடிக்கோல் வைத்துப் பதினேழாவது பெயரை அடித்தேன்.

அதன் பிறகு மணியம்மா மாற்று வேட்டியும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. பொட்டலத்தை நான் வாங்கிக் கொடுத்தேன். என்னதான் சொல்லிவிட்டார் என்று அடித்தார்கள் என்று கேட்டார். மலாய் பேசப்போய் வாய் தவறிவிட்டது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாச்சும் பக்கத்துல இருந்தியே, ருக்கு” என்றார். நான் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை நாற்பது பேரும் இரண்டு லோரிகளில் ஏற்றப்பட்டார்கள். தங்கராஜுவின் கை துணியால் கழுத்தோடு கட்டப்பட்டிருந்தது. இதற்கு மேல் நான் நேரில் கண்டதல்ல. சென்ற மாதம் சயாமிலிருந்து திரும்பிய கந்தசாமி சொல்லக் கேட்டது. மலைப்பாதையில் இறங்கும்போது பின்னாலிருந்து பச்சை வண்டி வந்து லோரிகளை முந்திக்கொண்டு போனதாம். மொரிட்டாவின் டிரைவர் ஓட்டினான். ஆட்கள் கீழே எச்சில் துப்பினார்கள். தங்கராஜு மட்டும் அதன் சத்தம் மறையும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “நாலு சிலிண்டரும் சுத்தமா அடிக்குது, பாத்தியா” என்றாராம். கை ஒழுங்காகக் கூடாததால் முகாமில் அவரை மண் சுமக்க விட்டார்கள் என்றும், நான்காம் மாதம் காலராவில் இறந்தார் என்றும் கந்தசாமி சொன்னார். முற்றத்தில் நடந்ததையும் தங்கராஜு அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால், ருக்குவுக்கு அந்த ஜப்பான் சொல் தெரிந்திருக்காது, பாவம், சின்னப் பெண் என்று சொன்னாராம்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: தங்கராஜுவுடன் எனக்கு எந்தப் பகையும் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. மொரிட்டா என்னை ஒருநாளும் அடித்ததில்லை.

மீண்டும் கேட்டதற்கு: என் தம்பி சிங்காரம் உயிரோடு இருக்கிறான். அவன் பெயர் எப்படிப் பட்டியலிலிருந்து போனது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியும்.

புகாரில் நான் பொய் சொன்னதாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள முடியாது. மொரிட்டாவிடம் நான் சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. எந்த மொழியில் சோதித்தாலும் குற்றம் காண முடியாது. அவற்றை அப்படித் தேர்ந்தெடுத்தவள் நான்.

இதில் கண்டவை என் வாயால் சொன்னவை. எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பின் நானும் ஒரு முறை படித்தேன். நான் ‘பதற்றத்தில்’ பதில் சொன்னதாக ஓரிடத்தில் எழுத்தர் எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடித்துவிடச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மற்றது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) வை. ருக்குமணி