இடது முட்டி

அவள்: என்னங்க இது பொட்டலம்?

அவர்: பிரிச்சுத்தான் பாரேன்.

அவள்: சாக்ஸா... இல்ல, ரெண்டு பக்கமும் ஓட்டையா இருக்கு. என்ன கண்றாவிங்க இது?

அவர்: முட்டிக்குப் போடற பட்டை. இடது முட்டி வலிக்குதுல்ல உனக்கு? மருந்துக் கடையில கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

அவள்: முட்டி வலின்னு நான் உங்ககிட்ட எப்பங்க சொன்னேன்?

அவர்: சொல்லலையா?

அவள்: சொல்லவே இல்லை.

அவர்: நொண்டி நொண்டி நடந்தியே... அதான்...

அவள்: நான் எங்க நொண்டினேன்? காலையில நீங்க மறந்துட்டுப் போன சாப்பாட்டுப் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடி வந்தேனே!

அவர்: ஆமா... ஓட்டமாத்தான் ஓடி வந்தே.

அவள்: இடதுன்னு வேற கரெக்டா சொல்றீங்க. அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவ நர்ஸாச்சேன்னு நேத்து போன்ல சொன்னேன்.

அவர்: அந்தத் தையல் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். தலை வலிக்குது.

அவள்: அவசரத் துணி, நிறுத்த மாட்டேன். பேச்சை மாத்தாதீங்க. அக்கா உங்களுக்குப் போன் பண்ணினாளா?

அவர்: இல்லை.

அவள்: அப்ப? ஏங்க... நீங்க டெலிபோன் கேபிள் ரிப்பேர் ஆபீஸ்லதானே வேலை பாக்கறீங்க?

அவர்: கேபிள்தான்... ரிப்பேர் இல்லை.

அவள்: பின்னே?

அவர்: காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். யாரு யாருகிட்ட என்ன பேசறாங்கன்னு கேக்கணும். கேட்டதை எழுதி மேலே அனுப்பணும்.

அவள்: ஒட்டுக் கேக்கறீங்க.

அவர்: அரசாங்கத்துல அதுக்கு வேற பேரு வச்சிருக்காங்க.

அவள்: எந்தப் பேரு வச்சா என்ன? ஒட்டுக் கேக்கறது ஒட்டுக் கேக்கறதுதான். அட பாவி மனுஷா... எப்பலேருந்து?

அவர்: நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. பொண்டாட்டியும் வெளியிலதானாம்.

அவள்: அதான் வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கறதில்லையா? நான்கூட, இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு...

அவர்: ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா. நாள் பூரா ஊர்ப் பேச்சு காதுல ரொம்பிக் கிடக்கும். எதிர்வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் நின்னுபோனது அவ அப்பாவுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே வணக்கம் சொல்றாரு. அவர் முகத்தை எப்படிப் பாக்கறது? தலையைக் குனிஞ்சுட்டு வந்துடறேன்.

அவள்: உங்களைத் திமிர் பிடிச்சவர்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு.

அவர்: அதையும் கேட்டேன்.

அவள்: சிரிப்பு மூட்டாதீங்க! எனக்கு வயிறு எரியுது. நானும் அக்காவும் எப்படிப் பேசிட்டிருந்தவங்க தெரியுமா? மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுவோம். என் தம்பி அரசாங்கத்து மேல கேஸ் போட்ட நாள்லேருந்து, நடுவுல மூணாவதா ஒருத்தன் உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. வாயைத் திறக்கவே பயம். அக்காவுக்கு அழுகை வந்தா போனை வச்சுட்டுத்தான் அழறா.

அவர்: தெரியும். வைக்கறதுக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சுவாங்க.

அவள்: அந்த மூணாவது ஆளு நீங்கதானா...

அவர்: நான்தான்.

அவள்: தம்பி கேட்டதுல என்னங்க தப்பு? எந்தச் சட்டத்தை வச்சு ஊர்ல இருக்கற போனையெல்லாம் கேக்கறீங்கன்னு ஒரு வக்கீல் கோர்ட்ல கேட்டா பதில் சொல்லணும். ஆளைத் தூக்க போலீஸ் ஜீப்பை அனுப்புவாங்களா?

அவர்: பதில் இல்லை, அதான் ஜீப். திங்கக்கிழமை விசாரணை. அதுக்குள்ள அவனைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டா, கோர்ட்ல எந்திரிச்சுக் கேக்க ஆளே இருக்காது.

அவள்: நீங்களும் சேந்துதான் தேடறீங்களா?

அவர்: சொந்தக்காரங்க லைன் எல்லாத்தையும் கேக்கச் சொல்லி உத்தரவு. உங்க அக்கா லைன் என் மேஜைக்கு வந்துச்சு. அங்க பேரு கிடையாது, வெறும் நம்பர்தான். அது யாரோட நம்பர்னு எனக்குத் தெரியும்.

அவள்: நேத்து நான் பேசினதை எழுதினீங்களா?

அவர்: எழுதினேன்.

அவள்: கடவுளே... என்னன்னு?

அவர்: 'ரெண்டு பெண்கள். ஒருத்தர் நர்ஸ். முட்டி வலிக்கு என்ன செய்யறதுன்னு பேச்சு. முக்கியமில்லை.'

அவள்: அவ்வளவுதானா?

அவர்: அவ்வளவுதான். வேற என்ன இருந்துச்சு அதுல?

அவள்: ஒண்ணும் இல்ல... ஒண்ணுமே இல்லையே!

அவர்: சரி, அந்தப் பட்டையைப் போட்டுப் பாரு.

அவள்: அப்புறம் போட்டுக்கறேன்.

அவர்: ஆசையா வாங்கிட்டு வந்திருக்கேன்... மிதிக்கறதை நிறுத்திட்டுப் போடேன்.

அவள்: மிதிச்சுக்கிட்டே போட்டுக்கறேன். இந்தாங்க, போட்டாச்சு. போதுமா?

அவர்: தொளதொளன்னு இருக்கே. கடைக்காரர் மாத்தித் தர்றேன்னாரு.

அவள்: வேண்டாம், வேண்டாம்! பெரிசாவே இருக்கட்டும்.

அவர்: முட்டி வலிக்கிறவ இப்படி விடாம மெஷினை மிதிக்கலாமா?

அவள்: பழகிடுச்சு.

அவர்: ஊசியில நூலே இல்லையே. நான் வந்ததுலேருந்து பாக்கறேன். வெறும் ஊசி துணியைக் குத்திக்கிட்டே இருக்கு.

அவள்: இப்பத்தாங்க அறுந்துச்சு...

அவர்: அதுக்கென்ன, நூல் டப்பா உள்ரூம்லதானே? நான் போய் எடுத்துட்டு...

அவள்: உள்ளே போகாதீங்க! உள்ளே யாரும் இல்லை!

அவர்: நான் நூலைத்தானேம்மா சொன்னேன். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன்...

அவள்: ஏங்க... உங்க கால்ல விழறேங்க...

அவர்: எந்திரி, எந்திரி. என்ன இது?

அவள்: வலி எனக்கில்லைங்க, தம்பிக்கு. ஜீப் சத்தம் கேட்டு, அவன் ஆபீஸ் பின்சுவர்லேருந்து குதிச்சிருக்கான். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக முடியுமா? அதான் எனக்கு வலின்னு சொல்லி அக்காகிட்ட கேட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு துடிச்சேன். அரசாங்கச் சம்பளம் வாங்கறவராச்சே, பயந்துடுவீங்களோன்னு...

அவர்: முதல்ல மெஷினை மிதி!

அவள்: என்னது?

அவர்: மிதிம்மா! சத்தம் நின்னு போச்சு பாரு. அவன் தும்மித் தொலைச்சா தெருவுக்கே கேக்கும்.

அவள்: அவன் தும்மறான்னு உங்களுக்கு எப்படி...

அவர்: நேத்து போன்ல உன் குரலுக்குப் பின்னாடி கேட்டுச்சு. தும்மி முடிச்சுட்டு 'யம்மாடி'ன்னு சொல்றவன் உங்க குடும்பத்துலயே அவன் ஒருத்தன்தான்.

அவள்: அப்ப நேத்தே தெரியுமா? தெரிஞ்சும் எழுதலையா?

அவர்: எழுதலை.

அவள்: கண்டுபிடிச்சா உங்களையும்...

அவர்: உள்ளே போடுவாங்க. போடட்டும். வீடு வரைக்கும் என் காதைக் கூட்டிட்டு வந்து, என் பொண்டாட்டியை வெறும் ஊசியில தைக்க வச்சுட்டானுங்களே! ராத்திரியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரலை. இந்தப் பட்டையைக் கொடுத்தா, எப்படித் தெரியும்னு நீயே கேப்பேன்னு நினைச்சேன்.

அவள்: நீங்க ஒரு கிறுக்குங்க... சரியான கிறுக்கு.

அவர்: அழாதே. மிதிக்கறது விட்டுப் போகுது பாரு. அந்தப் பட்டையைக் கழட்டிக் கொடு, கொண்டு போய் மாட்டி விடறேன்.

அவள்: அவன் கால் தடிங்க. இது பத்துமோ பத்தாதோ...

அவர்: பத்தும். திங்கக்கிழமை கோர்ட்ல என் மச்சினன் நேரா நிக்க வேண்டாமா? ஆம்பிளை சைஸ்னு சொல்லிக் கேட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்.