வரிசையில் கடைசி ஆள்

சுபலட்சுமி: அது சரி... கதவ ஒடைக்கிறதுக்கு முன்னாடி தட்டிப் பாப்பீங்களா?

காசிமாயன்: பொண்ணு பாக்க வந்த எடத்துல கேக்குற கேள்வியா இது?

சுபலட்சுமி: நீங்கதான போலீஸ் கமாண்டோன்னீங்க. வேற என்னத்தக் கேக்க? சமைக்கத் தெரியுமான்னா?

காசிமாயன்: தெரியும். சோறு நல்லா வடிப்பேன்.

சுபலட்சுமி: கதவுக்கு வாங்க.

காசிமாயன்: தட்ட மாட்டோம். கைப்பிடியத் திருகிப் பாப்போம். பல நேரம் பூட்டியே இருக்காது.

சுபலட்சுமி: அட! பூட்டியிருந்தா?

காசிமாயன்: இரும்புக் கட்டையால ஒரே இடி. அதுக்குன்னு ஒரு ஆளு. மத்தவங்க செவுத்த ஒட்டி வரிசையா நிப்போம். மொத ஆளு ஷீல்டு புடிச்சிருப்பாரு...

சுபலட்சுமி: நீங்க எத்தனாவது?

காசிமாயன்: நானா... கடைசி. பின்னாடி யாரும் வந்துராமப் பாத்துக்கணும், அம்புட்டுத்தான். ஆபத்தே இல்ல. உங்க வீட்லயும் அதத்தான் சொல்லியிருக்கோம்.

சூரியபிரகாஷ்: என்ன மாப்ள, எந்தங்கச்சி கேஸு விசாரிக்குதா? அய்யனாரு கோயிலுக்குள்ள பெரியவங்க காத்துக் கெடக்காங்க.

சுபலட்சுமி: செத்த நேரம்ணே. அங்கிட்டுப் போ.

சூரியபிரகாஷ்: போறேன், போறேன்... இவ கேட்டு முடிக்கிறதுக்குள்ள மாப்ள ரிட்டையர் ஆயிருவாரு.

சுபலட்சுமி: சத்தம் போடாம எல்லாரும் எப்படி ஒண்ணா உள்ள போவீங்க?

காசிமாயன்: கடைசி ஆளு, முன்னால நிக்கிறவன் தோள அமுக்குவான். அவன் அடுத்தவன் தோள. அப்படியே முன்னாடி வரும். மொத ஆளு தோளுக்கு வந்துருச்சுன்னா... உள்ள!

சுபலட்சுமி: பயமா இருக்காதா?

காசிமாயன்: அதுவரைக்கும் இருக்கும். தோள்ல அந்தக் கை அமுங்குச்சுன்னா போயிரும். நமக்குப் பின்னாடி இம்புட்டுப் பேரு இருக்காங்கன்னு...

சுபலட்சுமி: கடைசி ஆளு தோள யாருங்க அமுக்குவா?

காசிமாயன்: அது... பொதுவாச் சொன்னேன்.

சுபலட்சுமி: போன வருசம் பழங்காநத்தத்துல, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள்ள ஒருத்தன் துப்பாக்கியோட பூந்து புள்ளைகள அடச்சு வச்சானே... அதுக்குப் போனீங்களா?

காசிமாயன்: போனோம். அன்னைக்கும் நான் கடைசி... குனி தாயி! எனக்குப் பின்னாடி வா!

சுபலட்சுமி: துப்பாக்கிச் சத்தமில்லங்க... யாரோ செதறுதேங்கா ஒடச்சாங்க.

காசிமாயன்: அய்யோ... மன்னிச்சுக்கங்க. பழக்கதோசம். கையப் புடிச்சு இழுத்துட்டேன்... வளையல் குத்திருச்சா? ஏன் அழுகுறீங்க?

சுபலட்சுமி: ஒண்ணுமில்ல...

காசிமாயன்: சரி, உண்மையச் சொல்லிர்றேன். நான்தான் மொத ஆளு. அதச் சொல்லியே ரெண்டு மூணு எடம் தட்டிப்போச்சு. அதான் கடைசின்னு சொல்லச் சொல்லி எங்கம்மா... புடிக்கலன்னா சொல்லிருங்க, போயிர்றேன்.

சுபலட்சுமி: அன்னைக்கு டைப் மிஷின் மேசைக்கு அடியில கெடந்தேங்க.

காசிமாயன்: யாரு... நீங்களா? உங்க வீட்ல யாரும் சொல்லலியே!

சுபலட்சுமி: வெளிய தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போகும்னு வாயக் கட்டிட்டாங்க. முகமூடி போட்ட ஒருத்தரு வந்தாரு. இதே வார்த்த, இதே குரலு. மொகந்தான் தெரியல. கமாண்டோ மாப்பிள்ளன்னதும், அவரு யாருன்னு உங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்.

காசிமாயன்: தாயி...

சூரியபிரகாஷ்: இப்பவாச்சும் முடிஞ்சுச்சா? அப்பா கேக்குறாரு. என்ன சொல்ல?

சுபலட்சுமி: கடைசி ஆளுதானாம்ணே. ஆபத்தே இல்லையாம். எனக்குச் சம்மதம்னு சொல்லு.