கண் மருத்துவமனைச் சரிவுக்கு நான்கு மூட்டை

அன்று காலை ரெய்னோ தன் ரொட்டியை முடித்துவிட்டு என் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றான். ஏலக்காய் போட்ட ரொட்டி, முந்தின நாள் நான் சுட்டது. வாய் நிறைய வைத்துக்கொண்டே, இன்றைக்குக் கண் மருத்துவமனையில் பனி தள்ள எத்தனை நிமிடம் என்று கேட்டான். முப்பத்தெட்டு என்றேன். முப்பத்தைந்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். இரண்டு பேரும் சிரித்தோம். சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனிமேகம் இறங்கினால் ஊரே முணுமுணுக்கும். எங்களுக்கு மட்டும் கல்யாண வீடு.

கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முன்னால் கார் நிற்கும் இடங்களில் பனி தள்ளுவது எங்கள் தொழில். வண்டி ஓட்டுவது என் கணவன் ரெய்னோ. மதிப்பிடுவது நான். அக்டோபரில், தரை தெரியும்போதே, ஒவ்வோர் இடத்தையும் நடந்து அளப்பேன். எத்தனை விளக்குக் கம்பம், எங்கே வண்டி திரும்ப இடமில்லை, பனியை எந்த மூலையில் குவிப்பது, வெயில் எந்தப் பக்கம் வரும். ஒரு கம்பத்தைச் சுற்ற ஒரு நிமிடம் போகும். அரையடிப் பனிக்கு இத்தனை நிமிடம், வழுக்காமல் இருக்கத் தூவ இத்தனை மூட்டை உப்பு என்று எழுதிவிட்டால் குளிர்காலம் முழுக்க அது பிசகாது. கர்வத்தில் சொல்லவில்லை. எண் பொருந்தி வரும்போது வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருக்கும். கணக்குப் போடுகிறேன் என்று அவன் எனக்கு வைத்த பெயர் டீச்சர். வாக்கிடாக்கியில் அவன், "டீச்சர், நாப்பத்தியொண்ணு. நீ சொன்னதும் நாப்பத்தியொண்ணு. நீ மனுஷியா, சூனியக்காரியா?" என்பான். ஐம்பத்தாறு வயதில், அடுப்படியில் தனியாக நின்று ஆடியிருக்கிறேன்.

கண் மருத்துவமனையின் சரிவுக்கு நான் எழுதியது நான்கு மூட்டை. பனியை மேல் மூலையில் குவிக்கச் சொல்லியிருந்தேன். கீழே கொண்டுபோனால் ஆறு நிமிடம் கூடும். மேலே குவித்தால் பகலில் உருகி, சரிவில் ஓடி, விடிவதற்குள் கண்ணாடியாக இறுகும். அது எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் நான்கு. பார்வை மங்கிய கிழவர்கள் நடக்கிற இடம். ஒன்பது குளிர்காலத்தில் ஒருவர்கூட வழுக்கவில்லை.

ரெய்னோ தன் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மூட்டை தனியாக வைத்திருப்பான். சக்கரம் சிக்கினால் போடுவதற்கு என்பான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, உப்பு விற்கிற தீவனக் கடையில், கல்லாவில் உட்காரும் ஹில்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் மாதிரி வருமா லெம்பி? கண்ணாஸ்பத்திரிக்குன்னு தடவைக்கு ஒரு மூட்டை தனியா வாங்கிட்டுப் போறாரு. ஒம்போது வருஷமா. உங்கிட்ட சொல்லக்கூடாதாம்."

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கணக்கைத் திரும்பப் போட்டேன். நான்குதான் வந்தது. நல்ல மனிதன், தேவையில்லாமல் சுமந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை, ரொட்டியைத் தின்றுவிட்டு அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, நான் வெளியே போய் அந்த மூட்டையை எடுத்து என் காரின் பின்பெட்டியில் வைத்தேன். விளையாட்டுத்தான். அவன் தேடுவான், அசடு வழிவான், நான்கே போதும் என்று தரையே காட்டிக்கொடுக்கும். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. சரிவின் அடியில் காரை நிறுத்திக் கடிகாரத்தைப் பிடித்தேன்.

பனியைத் தள்ளி முடித்தான். நான்கு மூட்டையும் தூவினான். இருக்கைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"லெம்பி, இங்க ஒரு மூட்டை இருந்துச்சே, பாத்தியா?"

"எதுக்கு? நாலு போதுமே."

வாக்கிடாக்கியில் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சிரித்தான்.

"போதும்தான் டீச்சர். மேல மட்டும் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்."

பாதிச் சரிவு ஏறினான். கால் இரண்டும் ஒன்றாக வழுக்கிப் போயின. பின்தலை நடைபாதையின் கல் விளிம்பில் பட்டது. முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

மருத்துவமனை இன்னும் திறக்கவில்லை; ஆம்புலன்ஸை உடனே அழைத்தேன். அதில் ஒரு தாமதமும் இல்லை. ஆம்புலன்ஸில் எங்கள் தெருக்காரன் வெஸ்லியும் இன்னொருவரும் வந்தார்கள். தவழ்ந்துதான் அவனிடம் போக முடிந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு முறை ஏறிப் பார்த்து, இரண்டு முறையும் முழங்காலில் சறுக்கி வந்தார்கள்.

"அக்கா, உப்பு இருக்கா? ஒரு மூட்டை போதும்" என்றான் வெஸ்லி.

நான் காரின் பின்பெட்டிமேல் சாய்ந்து நின்றிருந்தேன்.

"இல்ல வெஸ்லி. இருந்ததெல்லாம் போட்டாச்சு" என்றேன்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து மணல் வரப் பதினான்கு நிமிடம் ஆனது. ரெய்னோ அன்று மதியம் போய்விட்டான். அந்தப் பதினான்கு நிமிடம் கையில் இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்றார் டாக்டர். விபத்து என்று எழுதி முடித்தார்கள். பின்பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

பயத்தில் சொன்னேன் என்றால் நம்புவீர்கள். பயம் இல்லை. உப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் என் கணக்கு ஐந்து மூட்டையாகியிருக்கும். கண் விழித்ததும் அவன் முதலில் அதைத்தான் கேட்பான், கோடை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் என்று பட்டது. அவன் விழிப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் மதிப்பீடு தவறியதில்லை.

இந்த அக்டோபரில், புதிதாக வந்த ஓட்டுநருக்காக எல்லா இடங்களையும் மறுபடி நடந்து அளந்தேன். கண் மருத்துவமனையில் பரப்பு அதேதான், சரிவும் அதேதான். ஒன்பது வருடம் ஒருவரும் விழாத இடம். நான்கு மூட்டை என்று எழுதிக் கொடுத்தேன்.