மூன்று மணி மேசை

ஒரு புத்தகத்தைக்கூடக் குறித்த நாளில் அச்சுக்கு அனுப்பாத மனிதரை நாம் ஏன் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டோம்?

பதிப்பகத் தலைவர் திருமதி நெனிட்டா லகுண்டினோ அவர்களே, துணைவரை இழந்து நிற்கும் திருமதி லெட்டி புன்சலான் அவர்களே, அச்சகத்திலிருந்தும் விற்பனைப் பிரிவிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, இங்கே இன்டர்னாக இருந்துவிட்டு இன்று கேசோன் சிட்டியின் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களே! இந்தக் கேள்வியோடுதான் என்னால் தொடங்க முடிகிறது. அஞ்சலிக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. கிடைத்ததுபோல் நடிக்கவும் போவதில்லை.

நம் தலைமைத் தொகுப்பாசிரியர் அனாக்ளெட்டோ புன்சலான், நமக்கெல்லாம் சர் கிளெட்டோ, மறைந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் புகழ வேண்டும். புகழ்கிறேன். ஆனால் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். என் பென்சில்களை எடுத்துப்போய்த் தொலைப்பார். என் தட்டிலிருந்து வாழைப்பழ வறுவலை எடுத்துக்கொண்டு, "ருசி பாத்தேன், டித்தாஸ்" என்பார். முழுத் தட்டையுமா ருசி பார்ப்பது?

எல்லாவற்றுக்கும் மேல், அந்த மேசை!

மூன்று மணிக்கு மெரியெண்டா. நாடு முழுவதும் அந்த நேரத்தில் மனிதர்கள் நிம்மதியாகப் பலகாரம் சாப்பிடுகிறார்கள். நமக்கு மட்டும் பான்சிட் நூடுல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் பாட்டில், பலூன், நூல், மண். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு சோதனையையும் அங்கே செய்தாக வேண்டும். ஒரு இன்டர்ன் படிப்பார், இன்னொரு இன்டர்ன் செய்வார். அச்சில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் யாரும் சொல்லக் கூடாது. அதை எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் வாய் திறக்கக் கூடாது! முனைவர் பட்டம் பெற்றவர்களிடம் சர் கிளெட்டோ சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்: "கொஞ்சம் சும்மா இருங்க டாக்டர். பிள்ளை கையில புத்தகம்தான் இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க."

விற்பனைப் பிரிவுக்காரரையும் விட்டாரா? "சர், நான் புத்தகம் விக்கிறவன், பலூன் ஊதறவன் இல்ல" என்று ஒருவர் நழுவப் பார்த்தார். "ஊதிப் பாக்காததை எப்படிய்யா விப்ப? உக்காரு."

இன்டர்ன்களின் பாடு உங்களுக்கே தெரியும். பதிப்பகம் என்றால் குளிர்சாதன அறை, கணினி, அட்டைப்படம் என்று நினைத்து வந்தவர்கள். "இன்டர்ன்னா காப்பி போட்டுத் தரணும்னு சொன்னாங்க, மேம். இங்க காப்பியை ஆறவிட்டு அளக்கச் சொல்றாரு" என்று ஒருத்தி என்னிடம் புலம்பினாள். மழைக்காலத்தில் உப்புப் படிகம் வரவில்லை என்பதற்காக, இன்டர்ன் பயிற்சியை முடித்ததாகக் கல்லூரிக்குத் தர வேண்டிய கையெழுத்தையே நிறுத்திவைத்தார். கல்லூரியிலிருந்து வந்த கோபமான போனை எடுத்தது யார்? நான்தான்! அவரிடம் கேட்டால், "மழைக்காலத்துல வராதுன்னு நம்ம புத்தகத்துல போட்டிருக்கா?" என்றார். போடவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்காக நூல் மறுபடி தள்ளிப்போனது. கடுப்பில் நான் அன்று அவரோடு பேசவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

பிறகு அந்த நான்காம் வகுப்பு நூல். கறை நீக்கும் பாடம். மதிப்பீட்டாளர்கள் பார்த்து ஒப்புதல் தந்த பக்கம் அது. ஜோவெலின் அப்போது இன்டர்ன். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். அன்று செய்து பார்க்க வேண்டியவள் அவள். முதல் கோப்பையில் துணி வெளுக்கும் திரவம். இரண்டாவதில் வினிகர். எதில் கறை போகிறது? மூன்றாவது கோப்பையில் இரண்டையும் கலந்து பார்.

கலந்தாள். அச்சில் இருந்ததைத்தானே செய்தாள்? கோப்பைக்கு மேல் குனிந்தவள் இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்று தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, சர் கிளெட்டோ அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். "எல்லாரும் எந்திரிங்க! வெளிய வாங்க!" அவ்வளவு பருத்த மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வாசலில் ஜோவெலின் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூலாசிரியர் சொன்னார்: "வகுப்புல டீச்சர் பாத்துக்குவாங்க, சர்." சர் கிளெட்டோ அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டித்தாஸ், ஒரு வகுப்புல அம்பது பிள்ளைங்க. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கான்னு நமக்குத் தெரியுமா?"

தெரியாது. இன்றும் தெரியாது. நம் நூல்கள் எந்தெந்தத் தீவுக்குப் போகின்றன, யார் கையில் விரிகின்றன, நாம் பார்த்ததுண்டா?

திருமதி நெனிட்டா அவர்களே, இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன். போன வாரம், சர் கிளெட்டோ மருத்துவமனையில் இருந்தபோது, உங்கள் சுற்றறிக்கை வந்தது. மூன்று மணிச் சோதனை இனி இல்லை. இன்டர்ன்கள் விளம்பரப் படங்கள் தயாரிப்பார்கள். மூன்றாம் வகுப்பு அறிவியல் நூல் திங்கள்கிழமை அச்சுக்குப் போகும். புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது, மற்றவர்கள் நம்மை முந்திவிடுவார்கள் என்ற உங்கள் கவலை பொய்யல்ல. அவரால் நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அந்த நூலின் ஒரு சோதனையைக்கூட யாரும் செய்து பார்க்கவில்லை. ஒன்றைக்கூட!

அவர் மகானா? இல்லை. பிடிவாதக்காரர். அவருடைய பிடிவாதத்தை யாராவது எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. என் சுபாவமும் அதுவல்ல. இருந்தாலும் இந்தச் சபையின் முன் சொல்கிறேன்: நாளை மூன்று மணிக்கு அந்த மேசையில் நான் உட்காருவேன். மூன்றாம் வகுப்பு நூலை முதல் பக்கத்திலிருந்து செய்து பார்ப்பேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். சர் கிளெட்டோ, போய் வாருங்கள். வேலை நின்றுவிடாது.

*

மறுநாள் நடந்தது இது.

கைதட்டியவர்களில் நான்கு பேர் வந்தார்கள். புதிய இன்டர்ன் ஒருத்தி பக்கத்தை விரித்தபோது திருமதி நெனிட்டா உள்ளே வந்தார்.

"டித்தாஸ், துக்கத்துல பேசிட்டீங்கன்னு விட்டுடலாம்னு பாத்தேன்."

"துக்கம் இல்ல, மேம். எரிச்சல்."

"திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். இதை எடுத்து வைங்க."

"ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டு எடுத்து வைக்கிறோம். நீங்களே செய்யுங்க."

வாட்சைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இன்டர்ன் படித்தாள்: "தட்டில் பஞ்சை வைத்துத் தண்ணீர் ஊற்றவும். அதன்மேல் பயறுகளை இடவும்."

"எவ்வளவு தண்ணி?"

 இன்டர்ன் அதே வரியை மறுபடி படித்தாள். திருமதி நெனிட்டா ஜாடியைச் சாய்த்தார். பயறுகளைப் போட்டார். பஞ்சு குழைந்தது, பயறுகள் நகர்ந்து ஓரத்தில் ஒதுங்கின, தண்ணீர் வழிந்து அவருடைய சட்டைக் கையை நனைத்தது.

"எவ்வளவுன்னு போடவே இல்லையே! இதுல பயறு அழுகித்தான் போகும். யாரு எழுதினது இதை?"

இன்டர்ன் அதே வரியை மூன்றாம் முறை படித்தாள். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஈரக் கையோடு போனை எடுத்து அச்சகத்தை அழைத்தார்.

"திங்கக்கிழமை வேண்டாம்... இல்ல, செவ்வாயும் இல்ல. என்னைக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க பயறு முளைக்கணும்."