ஜமீனா, பொடியனா?

— ஏங்க, ரெண்டு சேவலும் ஒத்துமையா இருக்கும்கறதெல்லாம் கதை. ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்கலாம். அஞ்சு கோழிக்கு ஜமீன், பொடியன்னு ரெண்டு சேவல், விடிஞ்சா சண்டை, ரத்தம். கறிக்கடைக்காரர் சாயங்காலம் வந்துடுவார்.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? ஜமீன் இருக்கட்டும். பொடியனைக் குடுத்துடு.

— ஏனாம்?

— கண்ணில்லையா உனக்கு? அந்தக் கொண்டையைப் பாரு, நடையைப் பாரு. அவன் கூவினா தெருவே எந்திரிக்குது.

— எந்திரிச்சுத் திட்டுது. அதையும் சொல்லுங்க.

— பொடியனெல்லாம் ஒரு சேவலா? கோழிக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியணும்னா கண்ணாடி போடணும்.

— கோழிங்களுக்குத் தெரியுது. போதாதா?

— வம்சம் வேணும், வம்சம். வித்து நல்லா இருந்தாத்தான்...

— ஒரு வருஷமா பார்த்தேனே அந்த வம்சத்தை. எத்தனை தடவை அடை வச்சாலும் கூமுட்டை. நாத்தம் தாங்காம பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்திட்டாங்க.

— அது கோழிக் கோளாறு. அதான் பழசை வித்துட்டு வேற வாங்கினேன்.

— வாங்கினதும் அதையேதானே வச்சுது?

— அதுவும் சரியில்லாத கோழி.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— அப்போ இந்த எட்டு குஞ்சு? வானத்துல இருந்து விழுந்துச்சா? ஜமீன் காட்டிட்டான்ல...

— குஞ்சுங்க காலைப் பார்த்தீங்களா?

— கால்ல என்ன?

— கறுப்பு. ஜமீனுக்கு மஞ்சள், கோழி அஞ்சுக்கும் மஞ்சள். இங்க கறுப்புக் கால் யாருக்கு?

— ...பொடியனுக்கு. அதெப்படி? ஜமீன் அவனைக் கிட்டயே விடமாட்டானே.

— போன மாசம் வெளியூர்ல வயரிங் வேலைன்னு போனீங்கல்ல, அன்னைக்கே ஜமீனைப் பழைய குளியலறையில போட்டுப் பூட்டிட்டேன்.

— என் ஜமீனையா?

— தானியம், தண்ணி எல்லாம் ராஜ மரியாதைதான். உள்ள அவர் கூவிட்டிருந்தார். வெளியில பொடியன் சத்தமில்லாம வேலையைப் பார்த்தான். அதுக்கப்புறம் கோழிங்க போட்ட முட்டையைத்தான் அடை வச்சேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை...

— சொன்னா விட்டிருப்பீங்களா? சேவல்ல குறைன்னாலே உங்களுக்கு மூக்குக்கு மேல கோபம் வருது. கோழியைத்தான் மாத்துவீங்க. அடுத்து எந்தக் கோழியோன்னு எனக்கே பயமா இருக்கு.

— உளறாதே.

— நானா உளறுறேன்? போன வாரம் உங்கம்மா கேட்டாங்களே, 'காய்க்காத மரத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் தண்ணி ஊத்துவே'ன்னு. நான் அடுப்புகிட்ட நிக்கிறேன். நீங்க டார்ச் அடிச்சு முட்டை பார்த்துட்டிருந்தீங்க.

— அதான் காதுல விழலன்னு அன்னைக்கே சொன்னேன்ல.

— ஆமாமா. முட்டைக்குள்ள குஞ்சு புரள்றது கேட்கும், பக்கத்துல அம்மா பேசறது கேட்காது.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— எனக்கு எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களையும் ஒருதடவை வரச் சொன்னாங்க. ஐயாவுக்குத்தான் நேரமே இல்ல. சரி, விடுங்க. ஜமீனைக் குடுத்துடலாமா?

— வெட்டத்தான் வேணுமா? ஒரு மூலையில கிடந்துட்டுப் போறானே...

— இப்பத்தானே வம்சம், வித்துன்னீங்க? அதுக்குள்ள என்ன கரிசனம்?

— அன்னைக்கு... வெளியூர்ல வேலை எதுவும் இல்ல.

— பின்ன எங்க போனீங்க?

— உன் டாக்டர்கிட்டதான். தனியா. டெஸ்ட் எடுத்தாங்க.

— ...என்ன சொன்னாங்க?

— குறை என்கிட்டதானாம்.

— போன மாசமே... அப்போ உங்கம்மா என்னைப் பேசினப்போ, உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்... காதுலயும் விழுந்துச்சு.