பருத்திப்பட்டில் நின்ற கல்யாணக் காரும் உலகநாதனார் கழற்றிக் கொடுத்த காயிலும்

வண்டிகளின் பானட்டுக்குள் கவிழ்ந்து கவிழ்ந்து முறிந்த முதுகுகளோடும், ஸ்பேனர் பிடித்துத் தேய்ந்த தோள்களின் தீராத குத்தலோடும் இம்மேடையில் நிற்கிறோம், ஐயா! அதே பானட்டுக்குள் எங்களோடு குனிந்தவர் நீர். இன்று ஓய்வுபெறும் நாளிலும் நெட்டைப் பனைபோல் நிமிர்ந்து நிற்கிறீரே, அந்தப் பொறாமையிலிருந்தே தொடங்குகிறோம்.

மின்பொறியை மேய்த்த மேலவரே! காயிலின் காய்ச்சலைக் கண்டறிந்த கைக்காரரே! ஆவடி வாகனப் பணிமனையின் ஆட்டோ எலக்ட்ரீசியன் உயர்திரு உலகநாதனாரே! வணங்குகிறோம், வயிறெரிந்தே வணங்குகிறோம்.

"உலகு அண்ணாத்தே இல்லியா? அப்போ நாளிக்கு வரேன்" என்று எத்தனை டிரைவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்! நாங்கள் மட்டும் கொட்டாவி விடவா சம்பளம் வாங்கினோம்?

பாட்டரியின் சிறு கரண்டைப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்புவது காயில். அது கெடத் தொடங்கினால் குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடேறினால் படுக்கும், ஆறினால் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி எழும். கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் பம்பைப் பிரித்து, நாங்கள் அரைநாள் அலைந்து கண்டதை, நீர் புறங்கையை வைத்துப் பார்த்துச் சொன்னீர். பாராட்டினோமா? பல்லைக் கடித்தோம்.

1988 வைகாசியை எப்படி மறப்பேன்! இம்மடலை எழுதும் பிட்டர் மணவாளனாகிய என் மகள் தாட்சாயிணிக்குப் பூந்தமல்லியில் திருமணம். அரைநாளுக்குத்தான் மண்டபம் பிடிக்க முடிந்தது. ஆகவே காலையில்தான் குவார்ட்டர்ஸிலிருந்து பெண்ணை அழைத்துப் போனோம். விடியுமுன்பே உறவினரை ஏற்றி இறக்கிச் சூடேறிய வாடகைக் கார், பருத்திப்பட்டு ஏரியோரம் இருமி இருமி நின்றது. முகூர்த்தமோ நெருங்குகிறது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கார்பரேட்டரைக் கழற்றினேன். மாட்டினேன். கிளம்பவில்லை.

காருக்குள்ளிருந்து என் மனைவி பொன்னம்மாள் கேட்டாள்: "யோவ், ஊரான் வண்டியெல்லாம் ஓட வெச்சே. பெத்த பொண்ணு நடுரோட்டுல குந்திகினு கீது, இன்னாய்யா பண்றே?"

டிரைவர் சுலைமான் சிரித்தான்: "உட்டுடு மாமே. பின்னால உலகு அண்ணாத்தே வந்துகினு கீறாரு."

உம் மச்சினரின் பழைய காரில் வந்திறங்கினீர். காயிலின் தடித்த ஒயரை உருவி எஞ்சின் இரும்பருகே பிடித்து, சுலைமானை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னீர். பொறி மங்கிச் சிவந்தது. துண்டை ஏரியில் நனைத்துக் காயிலைச் சுற்றிக் குளிர்வித்தீர். பொறி நீலமாய்த் தெறித்தது.

"பெட்ரோல் ஒயுங்கா வருது நைனா. காயில்தான் சூட்டுல படுத்துக்குது. மண்டபம் வரிக்கும் தாங்காது" என்றீர். நீர் வந்த காரின் நல்ல காயிலைக் கழற்றி எங்கள் காரில் பூட்டினீர். கெட்டதை அந்தக் காரில் மாட்டிக்கொண்டு எங்களை அனுப்பிவைத்தீர்.

நேரத்துக்குத் தாலி ஏறியது. ஆனால் சம்பந்தி வீட்டார் பெண்ணைப் பெற்றவனைத் தாண்டி, "காரைக் கிளப்பிக் குடுத்தவரு எங்க?" என்றே தேடினார்கள். மாப்பிள்ளையும் இன்றுவரை வண்டி இருமினால் மெக்கானிக் மாமனாரைக் கேட்பதில்லை, உம்மைத்தான் கேட்கிறார். எரியாதா எனக்கு?

நீரோ ஈரத்துண்டும் கையுமாய் வழியெல்லாம் நின்று நின்று வந்து சேர்ந்தபோது, பந்தி முடிந்து மண்டபத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பசியோடு இரண்டாம் ஷிப்டுக்குப் போனீர். பிறகு எத்தனையோ முறை வீட்டுக்கு அழைத்தேன். "ஊட்டு சோறு கணக்குல வராது மாமே, கல்யாண சோறுதான் ஓணும்" என்று சிரித்தே தட்டினீர். எனக்கோ ஒரே மகள்.

நாளை முதல் டிரைவர்கள் எங்களைத் தேடுவார்கள் என்ற சந்தோஷத்தை மறைக்கமாட்டோம். கை நடுங்காமல், கண் மங்காமல், துணைவியாரோடும் மக்களோடும் நூறாண்டு நலமாய் வாழ்க! அந்த நூறாண்டும் எங்கள் பொறாமைக்குக் குறைவின்றி வாழ்க!

இங்ஙனம்,
வாகனப் பணிமனைத் தொழிலாளர்கள், ஆவடி, 1993;
அவர்களுள் ஒருவனாய், உமக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு இன்னும் கடன்பட்டிருக்கும் மணவாளன்.